ஆணியில் தொங்கும் பதினொரு பைகள்

(காட்சி: சமையலறைக் கதவின் பின்பக்கம். ஆணியில் பைகள்.)

இது எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு. ஒரே ஆணியில் 11 பைகள். ஜவுளிக்கடையில் கொடுத்தவை நான்கு, கல்யாணத் தாம்பூலப் பை ஐந்து, 'இயற்கையைக் காப்போம்' என்று அச்சடித்துக் காசுக்கு விற்றவை இரண்டு. இத்தனை இருந்தும் நேற்று காய் வாங்கக் கையை வீசிக்கொண்டுதான் போனேன். பன்னிரண்டாவதும் வந்து சேர்ந்தது.

'பசுமை' என்ற சொல் நம் கடைகளையும் வீடுகளையும் என்ன செய்திருக்கிறது என்று இந்த ஆணியைப் பார்த்தாலே தெரியும்.

(காட்சி: தி.நகர் ரங்கநாதன் தெரு, கூட்டம்.)

மஞ்சப்பையோடு எழும்பூரில் வந்து இறங்குபவரைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்த சென்னைதான் இது. 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தமிழக அரசு தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. அப்புறம் கோயம்பேடு சந்தைக்கு 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமே வந்தது. கேலிக்கு ஆளான பைக்கு மரியாதை வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் மரியாதை வந்த இடத்தில் போலியும் வரும்.

(காட்சி: மேசைமேல் இரண்டு பைகள். கை ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்கிறது.)

இரண்டையும் கடையில் துணிப்பை என்றுதான் தருவார்கள். முதல் பையில் நெசவு தெரிகிறது, குறுக்கும் நெடுக்குமாக. ஓரத்தில் இழுத்தால் நூல் உருவிக்கொண்டு வருகிறது. இரண்டாவதில் நெசவே இல்லை, புள்ளி புள்ளியாக அழுத்திய தடம் மட்டும். இது நான்-ஓவன் பை. பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக். 2019 தடைப் பட்டியலில் இதுவும் உண்டு. மொட்டைமாடி வெயிலில் மாதக்கணக்கில் கிடந்தால் பொடிப்பொடியாக உதிரும். அதை மக்கிவிட்டது என்று நினைக்காதீர்கள், பிளாஸ்டிக் தூளாகிவிட்டது, அவ்வளவுதான்.

கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. பை இல்லை என்று அவர் சொன்னால் நாம் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவோம்.

'எக்கோ ஃப்ரெண்ட்லி' என்று சும்மா அச்சடித்துவிட இப்போது முடியாது. தகுந்த ஆதாரம் இல்லாமல் அப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது.

(காட்சி: பருத்திச் செடி, தறி, சாயத் தொட்டி.)

சரி, அசல் பருத்திப் பை? பருத்திக்குத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், தறிக்கு மின்சாரம் வேண்டும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் தன் பங்கைக் குறைக்க, பருத்திப் பையை 131 முறை எடுக்க வேண்டும். வாரம் இரண்டு தடவை சந்தைக்குப் போனால் ஒன்றேகால் வருஷம். மழைநீர் வடிகாலை அடைப்பது, மாட்டின் வயிற்றில் சேர்வது எல்லாம் இந்தக் கணக்கில் வராது. அங்கே துணிப்பைக்கே வெற்றி.

(காட்சி: ஒரு பையின் உட்புறம், பேனாக் கோடுகள்.)

தாம்பூலப் பை ஒன்றில் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போட்டு வருகிறேன். இதுவரை 47. மணமக்கள் பெயர் அழிந்துவிட்டது. காது ஒரு முறை பிய்ந்து, தெருமுனைத் தையல்காரர் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். மற்ற பைகளில் ஒரு கோடுகூட இல்லை.