அசையாமல் உட்கார்ந்திருந்த ஆந்தை

நேயர்களுக்கு வணக்கம்.

நான் 31 வருஷம் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவள். திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்துக் கிராம மருந்தகங்களில்தான் பெரும்பாலும் இருந்தேன். இன்றைக்கு நான் பேச வந்தது டோக்கியோவில் பார்த்த ஒரு கடையைப் பற்றி. பிராணிகளை வைத்து நடத்துகிற கஃபே, அதாவது காசு கொடுத்து உள்ளே போய்ப் பிராணிகளோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிற காபிக்கடை. ஆனால் டோக்கியோவுக்குப் போகும் முன் மணப்பாறை வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வந்துவிடலாம். அது தெரிந்தால்தான் நான் சொல்ல வருவது விளங்கும்.

ஒரு பெரியவர் மணப்பாறை சந்தையில் காளை ஒன்று வாங்கினார். மூன்று நாள் கழித்து மருந்தகத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு மாட்டின்மேல் ஒரு குறையும் இல்லை. "ரொம்ப சாதுங்க டாக்டரம்மா. சின்னப் பையன் கயிற்றைப் பிடித்தாலும் நிற்கும். முட்டாது, துள்ளாது" என்று பெருமையாகச் சொன்னார். தடுப்பூசி போடத்தான் வந்திருந்தார். கூட வந்த அவர் சம்சாரம்தான் தயங்கித் தயங்கி ஒரு வார்த்தை சொன்னார்: "ஈ உட்கார்ந்தால்கூட வாலை வீச மாட்டேங்குதுங்க."

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். முதுகை லேசாக வளைத்து, முன்னங்கால் இரண்டையும் கொஞ்சம் அகட்டி வைத்து நின்றது. கண் மூலையில் நான்கைந்து ஈக்கள். திமிலுக்குப் பின்னால் இரண்டு கையாலும் அழுத்தினேன். அடித் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. கம்பி விழுங்கியிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மாடு தீவனத்தை நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்கிவிடும். நன்றாக மெல்லுவதெல்லாம் அப்புறம் அசை போடும்போதுதான். அதனால் வைக்கோலில் ஆணி கிடந்தாலும் உள்ளே போய்விடும். அது போய்த் தங்குகிற அறை நெஞ்சை ஒட்டியே இருக்கிறது. நடந்தால் குத்தும், படுத்தால் குத்தும், துள்ளினால் இன்னும் குத்தும். அதனால்தான் அந்தக் காளை நின்றது. அதைத்தான் அவர் சாது என்றார்.

நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கு அனுப்பினோம். இடது பக்கம் திறந்து, கையை விட்டு எடுத்தார்கள். கட்டடத்துக்குக் கம்பி கட்டுவார்களே, அந்தக் கட்டுக்கம்பிதான், சுண்டுவிரல் நீளத்துக்கு. பெரியவர் அதைத் தாளில் மடித்து எடுத்து வந்து என் மேஜையில் வைத்தார். இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாள் மட்டும் வந்தார். "இப்போ ஆளை முட்ட வருதுங்க" என்று சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

நேயர்களே, இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கு வலித்தால் கத்தும், பன்றி ஊரைக் கூட்டும். ஆனால் ஆடு, மாடு, கோழி, பறவை எல்லாம் பெரும்பாலும் அடங்கிப்போகும். காட்டில் நோஞ்சான் என்று காட்டிக்கொண்டதைத்தான் முதலில் அடிப்பார்கள் என்பது அதன் உடம்புக்குத் தெரியும். அசையாமல் இருக்கிறது என்றால் அமைதியாக இருக்கிறது என்று பொருள் இல்லை. இதை 31 வருஷமும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன்.

சரி, டோக்கியோவுக்கு வருவோம். என் மகள் குடும்பம் அங்கே இருக்கிறது. பேத்திக்கு 9 வயது. பிராணி என்றால் உயிர். ஆனால் அவர்கள் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் நாய், பூனை வளர்க்கக் கூடாது. அங்கே வாடகை வீடுகள் பலவற்றில் இதுதான் விதி. பூனைக் கஃபே என்ற ஒன்று அந்த ஊரில் வேர் பிடித்ததற்கும் இது ஒரு காரணம். 1998இல் தைவானில், தைப்பே நகரில் முதல் கடை வந்தது. 2004இல் ஒசாகாவில் ஜப்பானின் முதல் கடை. அப்புறம் நாடு முழுக்கப் பரவிவிட்டது. பூனையில் எனக்குப் பெரிய வழக்கு இல்லை. பல ஆயிரம் வருஷமாக மனிதனோடு வாழ்கிற பிராணி. பிடிக்கவில்லை என்றால் எழுந்து அலமாரி மேல் ஏறிக்கொள்ளும். எழுந்து போக ஓர் இடம் இருக்கிறது, பாருங்கள், அதுதான் முக்கியம்.

பூனையோடு நின்றிருந்தால் நான் இன்று இங்கே வந்திருக்க மாட்டேன். ஆந்தை வந்தது, முள்ளெலி வந்தது, நீர்நாய் வந்தது. பேத்தி கேட்டது ஆந்தைக் கஃபே. ஜப்பானியர்களுக்கு ஆந்தை நல்ல சகுனம். அவர்கள் மொழியில் ஆந்தைக்குப் பெயர் ஃபுகுரோ. அதையே கஷ்டம் இல்லை என்று பொருள்படும்படியும் எழுதலாம். இகெபுகுரோ ரயில் நிலையத்தில் கல்லில் ஓர் ஆந்தையே உட்கார்ந்திருக்கிறது. ஆட்கள் அங்கே சந்திப்பதாகச் சொல்லிவைத்துக் காத்திருப்பார்கள். நம் ஊரில் ஆந்தை அலறினாலே கல்லெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அந்த மரியாதையைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடுதான் படி ஏறினேன்.

ஒடுக்கமான கட்டடத்தில் மூன்றாவது மாடி. கையில் மருந்து தெளித்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். காபி என்பது ஓரத்தில் இருந்த இயந்திரத்தில் நாமே பிடித்துக்கொள்வதுதான். உள்ளே சுவரை ஒட்டிக் கட்டைகள், கட்டைக்கு ஓர் ஆந்தை. நம் கூகை மாதிரி வெள்ளை முகத்தில் இரண்டு, கொம்பு வைத்த பெரிய ஆந்தை ஒன்று, உள்ளங்கையில் அடங்குகிற சின்னது மூன்று. காலில் தோல் வார். வாரின் நீளம் ஒரு சாண் இருக்கும். கீழே விரித்த தாளில் வெள்ளை வெள்ளையாக எச்சம். புறங்கையால்தான் தடவ வேண்டும் என்று படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். வேலை செய்த பெண்பிள்ளை தங்கமான பிள்ளை. ஒவ்வொரு பறவையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டுக்கு 'ஓய்வு' என்று அட்டை மாட்டி யாரையும் தொட விடவில்லை. அவளுக்கு அந்தப் பறவைகள்மேல் பிரியம் இருந்தது. அதை நான் சொல்லியாக வேண்டும்.

இங்கே ஆந்தையின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல எனக்கு அனுமதி வேண்டும். இதைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. நமக்குக் கழுத்தில் 7 எலும்பு. மாட்டுக்கு 7, எலிக்கு 7, அவ்வளவு நீளக் கழுத்துள்ள ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7. ஆந்தைக்கு 14. ஏன்? அதன் கண் நம் கண்போல உருண்டை இல்லை, குழாய்போல நீண்டது. குழியில் பதிந்தது, உருளாது. கண்ணைத் திருப்ப முடியாததால் தலையையே திருப்புகிறது. 270 டிகிரி. முக்கால் சுற்று! அப்புறம் காது. கூகைக்கு ஒரு காது சற்று மேலே, ஒரு காது சற்றுக் கீழே. ஒரு சத்தம் இரண்டு காதுக்கும் எட்டுவதில் உள்ள மிகச் சிறிய வித்தியாசத்தை வைத்து, கும்மிருட்டில் வைக்கோலுக்குள் எலி எங்கே ஓடுகிறது என்று கணக்குப் போட்டுவிடும். அந்த வட்ட முகம் இருக்கிறதே, அழகுக்கு இல்லை. சத்தத்தைக் காதுக்குத் திரட்டிக் கொடுக்கிற முறம் அது. இறகின் விளிம்பில் சீப்புப் பல்போல மென்மையான ஓரம், பறந்தால் சத்தமே வராது. தன் சத்தம் தன் காதை மறைக்கக் கூடாது பாருங்கள். இருட்டும் அமைதியும்தான் அதன் உலகம்.

இப்போது அந்த அறையை நினைத்துப் பாருங்கள். பட்டப்பகல்போல விளக்கு. ஒலிபெருக்கியில் பாட்டு. ஜப்பானில் விற்கிற கைப்பேசிகளில் படம் எடுத்தால் 'கிளிக்' என்று சத்தம் வரும், அதை நிறுத்த முடியாதபடிதான் செய்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை கிளிக்! எலியின் காலடியைக் கேட்கிற காதுக்கு ஒரு சாண் தூரத்தில்.

சின்ன ஆந்தை ஒன்றின் முன்னால் கூட்டம் கூடியிருந்தது. கூட்டம் நெருங்க நெருங்க, பந்துபோல இருந்த அது ஒல்லியாகி உயரமானது. இறகுகளை உடம்போடு ஒட்டிக்கொண்டது. தலையில் இரண்டு கொம்பு எழுந்தது. ஒரு சிறகை முன்னால் இழுத்து நெஞ்சை மறைத்து, கண்ணைக் கோடுபோலச் சுருக்கிக்கொண்டது. சுற்றிலும் "கவாயீ! கவாயீ!" என்றார்கள். அழகு, செல்லம் என்று அர்த்தம். இணையத்தில் இந்த மாதிரி வீடியோவை நீங்களும் பார்த்து ரசித்திருக்கலாம். நேயர்களே, அது பட்ட கிளைபோல வேஷம் போடுகிறது. எதிரி வந்துவிட்டான், மறைந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஆந்தை செய்வது அது. பகலில் ஓர் ஆந்தை கண்ணில் பட்டால் காக்கைகள் கூட்டமாக விரட்டி விரட்டிக் கொத்துவதை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பயம் அதன் ரத்தத்தில் இருக்கிறது. மரப்பொந்து இல்லாத இடத்தில், கால் கட்டியிருக்கும்போது, அது வேறு என்ன செய்யும்? கிளையாகிவிடப் பார்த்தது.

எனக்கு அந்தக் காளைதான் ஞாபகம் வந்தது. கண் மூலையில் ஈயோடு நின்ற காளை.

பேத்தி என் முந்தானையை இழுத்து, "அம்மாச்சி, அது தூங்குதா?" என்று கேட்டாள். "தூங்கலை கண்ணு. நாம எப்போ போவோம்னு பார்த்துக்கிட்டு இருக்கு" என்றேன். அவள் நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தாள். "அப்போ போயிடலாம்" என்றாள். இன்னும் 40 நிமிஷம் பாக்கி இருந்தது. வந்துவிட்டோம்.

அடுத்த வாரம் அவள் தோழி வீட்டார் நீர்நாய்க் கஃபேக்குக் கூப்பிட்டார்கள். கூட யாராவது பெரியவர் போக வேண்டும் என்பதால் நானும் போனேன். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தடுப்பு. அதில் வட்ட வட்டமாக ஓட்டைகள். ஓட்டையில் தீனி உருண்டையை வைத்தால் உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை வரும். ஈரமான, சில்லென்ற கை. நகம் மிகச் சிறிது, விரல் நுனி மெத்தென்று குழந்தை விரல்போல இருக்கும். உங்கள் விரலை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தடவி, உருண்டையை எடுத்துக்கொண்டு போகும். கை குலுக்குகிறது என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கை எதற்கு உண்டானது தெரியுமா? ஓடையில் கல்லுக்கு அடியிலும் சேற்றுக்குள்ளும் விட்டு, கண்ணால் பார்க்காமலே நண்டையும் நத்தையையும் துழாவி எடுப்பதற்கு. என் விரல் இடுக்கில் அது நண்டு தேடியது. அந்தச் சில்லிப்பு இன்னும் என் கையில் இருக்கிறது.

இந்த நீர்நாய் வெளிநாட்டுச் சரக்கு இல்லை. சிறுநக நீர்நாய் என்ற இதே இனம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில், வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடுகிற ஓடைகளில் இருக்கிறது. உலகத்து நீர்நாய்களிலேயே சிறியது. தாய், தகப்பன், அண்ணன், அக்கா என்று குடும்பமாக வாழ்வது. ஒன்றை ஒன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கடையில் கேட்ட கீச்சொலியும் கூப்பிடுகிற குரல்தான்.

நேரம் ஆகிவிட்டது என்று நிலையத்து நண்பர் கை காட்டுகிறார். சட்டம் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கிவிடுகிறேன். 2017இல் பாங்காக் விமான நிலையத்தில், ஜப்பானுக்குக் கிளம்பிய ஒரு பயணியின் பெட்டியில் 10 நீர்நாய்க்குட்டிகள் பிடிபட்டன. இப்படிக் குட்டிகளுக்காக வேட்டை நடப்பதால், 2019இல் காட்டுயிர் வணிகம் பற்றி ஜெனீவாவில் கூடிய உலக நாடுகளின் மாநாட்டில் இந்தியாவும் சேர்ந்து கேட்டு, இந்த இனத்தை நாடு விட்டு நாடு விற்பதற்கே தடை வாங்கினார்கள். தென் கொரியா 2022 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, மிருகக்காட்சிசாலையாகப் பதிவு செய்யாத இடங்களில் காட்டு விலங்குகளைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்றது. பழைய கடைகளுக்கு 2027 வரை அவகாசம் கொடுத்திருக்கிறது. தேவாங்கு பற்றிச் சொல்ல நேரமில்லை. ஒன்று மட்டும்: தென்கிழக்கு ஆசியத் தேவாங்கைக் கிச்சுக்கிச்சு மூட்டினால் கையைத் தூக்குகிற வீடியோ வந்தால், அது சிரிக்கவில்லை. அதன் முழங்கைக்குப் பக்கத்தில் விஷச் சுரப்பி இருக்கிறது, கடிக்கத் தயாராகிறது.

வெளிநாடு போகிற பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: கடைக்குள் போகும் முன் வாசலில் நின்று, அந்தப் பிராணிக்கு எழுந்து போக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பேத்தி இந்தக் கோடையில் ஊருக்கு வருகிறாள். வால்பாறைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். நீர்நாயே கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஓடைக்கரைப் பாறையில் அது எச்சமிட்டுப் போயிருக்கும். உதிர்த்துப் பார்த்தால் உள்ளே சிவப்புச் சிவப்பாக நண்டு ஓட்டுத் துணுக்குகள் இருக்கும். அதைப் பார்க்க அவள் இப்போதே ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைத்துவிட்டாள்.

வணக்கம்.