பதின்மூன்றாம் ஆண்டில் வந்த கோப்பை
(மதுரை மகளிர் கல்லூரி ஒன்றின் விளையாட்டு விழாவில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய தாளாளர் அம்மா அவர்களே, முதல்வர் அவர்களே, உடற்கல்வி இயக்குநர் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, கூடைப்பந்துக் கழகப் பெரியவர்களே, மாணவிகளே, பெற்றோரே, வணக்கம். கூடை வளையங்களுக்குப் பின்னால் இருந்த பழைய மரப்பலகைகளைக் கழற்றிவிட்டு 1.80 மீட்டர் அகலத்தில் புது போர்டுகள் மாட்டிக் கொடுத்த தாளாளர் அம்மாவுக்கு முதல் நன்றி. முன்னாள் வீராங்கனைகள் சிலர் பின்வரிசையில் நிற்கிறார்கள். அவர்களை மேடைக்கு அழைத்து நாற்காலி போடும்படி விழாக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். ஏறி வரட்டும், காத்திருக்கிறேன். நல்லது.

மூன்று செய்திகள் சொல்வதாக ஒப்புக்கொண்டு வந்தேன். கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர் என்னென்ன செய்ய வேண்டும், அவருடைய பணிவாழ்வு எப்படி அமைகிறது, நம் பெண்கள் நடுவராக என்ன வழி. பையத் தின்றால் பனையையும் தின்னலாம் என்பார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகம் 1974-இல் தன் பெண்கள் அணியை 22 வயதுப் பெண் ஒருவரிடம் ஒப்படைத்தது. பெயர் பாட் சம்மிட். சம்பளம் மாதம் 250 டாலர். அணியின் வேனை ஓட்டியது அவர்தான், சீருடை துவைத்ததும் அவர்தான். 2012-இல் அவர் விலகியபோது 38 ஆட்டப் பருவங்களில் 1,098 வெற்றிகள், எட்டு தேசியப் பட்டங்கள். எட்டைச் சொல்லிக் கைதட்டுகிறோம். முதல் பட்டம் 1987-இல்தான் வந்தது. பதின்மூன்றாவது பருவம்! அதுவரை அவரை யாரும் மாற்றவில்லை. பையத் தின்றால் பனையையும் தின்னலாம். ஆனால் தின்பவரை இலை முன்னால் உட்காரவிட வேண்டுமே.

அவரைப் பற்றி ஒன்று சொல்கிறேன், பெற்றோர்கள் கவனியுங்கள். 1990 செப்டம்பர். அந்த அம்மா நிறைமாதக் கர்ப்பிணி. பென்சில்வேனியாவில் நன்றாக ஆடும் பள்ளிப் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளை வீட்டில் பார்த்துப் பேசி அணிக்கு அழைக்க வேண்டும். சிறு விமானத்தில் கிளம்பிவிட்டார், துணைப் பயிற்சியாளரும் கூட. போன இடத்தில் பிரசவ வலி பிடித்துக்கொண்டது. நம்ம வீட்டில் என்ன செய்வோம்? ஆட்டோவைக் கூப்பிடுவோம். இவர் அந்தப் பெண்ணின் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியதைப் பேசிவிட்டுத்தான் விமானம் ஏறினார். நடுவானில் வலி கூடுகிறது. வழியில் வர்ஜீனியாவில் இறக்கிவிடலாம் என்கிறார்கள் விமானிகள். ‘வர்ஜீனியாவிலா? கூடவே கூடாது’ என்று மறுத்துவிட்டார். ஏன் தெரியுமா? ஆறு மாதம் முன்புதான் வர்ஜீனியா அணி கூடுதல் நேர ஆட்டத்தில் இவருடைய அணியைத் தோற்கடித்து வெளியேற்றியிருந்தது. அந்த ஆண்டு இறுதிச் சுற்று நடந்ததோ டென்னசியின் சொந்த அரங்கில்! தன் பிள்ளை அந்த மண்ணில் பிறக்கக் கூடாதென்று வலியைப் பொறுத்துக்கொண்டு தன் பல்கலைக்கழக ஊரான நாக்ஸ்வில் வந்து சேர்ந்து மகனைப் பெற்றெடுத்தார். அவ்வளவு பாடுபட்டும் அந்தப் பெண் முதலில் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். பிறகு டென்னசிக்கே மாறி வந்து 1996-இல் பட்டமும் வென்றாள். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். டாக்டரம்மா யாரும் இதை முன்மாதிரியாக ஏற்க மாட்டார்.

நம் ஊரிலும் பயிற்சியாளர் வீடு தேடிப் போக வேண்டியிருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ திண்ணையில் உட்கார்ந்தால் வரும் கேள்விகள் இவைதான். மேட்ச் முடிய இருட்டினால் யார் கொண்டுவந்து விடுவது? அரைக்கால் சட்டை போட வேண்டுமா? வெளியூரில் எங்கே தங்குவார்கள்? அடுத்த வருடமும் இதே டீச்சர் இருப்பாரா? கடைசிக் கேள்விக்கு மட்டும் நம் பயிற்சியாளர்களிடம் பதிலில்லை.

இனி பயிற்சி. முதலாண்டில் வரும் பிள்ளைகள் பலர் கபடியும் த்ரோபாலும் ஆடியவர்கள். முதலில் கற்றுத்தர வேண்டியது தரையிறங்குவது. 30 சென்டிமீட்டர் உயரப் பெட்டியிலிருந்து இரண்டு காலும் சேர இறங்கி, முட்டியை மடக்கி மூன்று நொடி அசையாமல் நிற்கட்டும். எட்டு முறை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். எதிரே நின்று பாருங்கள். இரண்டு முட்டியும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்தால் ஆபத்து. முட்டிக்குள் எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் முன் சிலுவைத் தசைநார் அறுவது பெண்களிடம் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம், சிமென்ட் தரையில் மணல் கிடந்தால் வழுக்கல் வேறு. ஆட்டத்துக்கு முன் பெருக்கச் சொல்லுங்கள். நார் அறுந்து அறுவைசிகிச்சை ஆனால் ஒன்பது மாதமாவது ஆட முடியாது, மூன்று வருடப் படிப்பில் ஒரு வருடம் போச்சு.

அடுத்தது ஷாட். பெண்களுக்கு உரியது 6-ஆம் எண் பந்து. ஆண்கள் அணி விட்டுப்போன 7-ஆம் எண்ணைக் கொடுத்தால் நெஞ்சிலிருந்து இரண்டு கையாலும் தள்ளுவார்கள், அந்தப் பழக்கம் பிறகு போகாது. ரிங்கிலிருந்து ஒரு மீட்டரில் நிறுத்தி ஒற்றைக் கையால் 25 போடச் சொல்லுங்கள். இருபது விழுந்தால்தான் ஓரடி பின்னே. போர்டிலிருந்து 4.6 மீட்டரில் இருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வர மாதங்கள் ஆகும், ஆகட்டும். பந்து ரிங்கைத் தொடாமல் முன்னாலேயே விழுகிறதா? கையைத் திட்டாதீர்கள், முட்டி மடங்கியிருக்காது.

பருவத் தொடக்கத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 12-க்குக் கீழே இருந்தால் ஓட்டத்தைக் குறைத்து டாக்டரிடம் அனுப்புங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. ஆட்டத்தின் மூன்றாவது கால்பாகத்தில் மூச்சு வாங்குகிறவளைச் சோம்பேறி என்று வையாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு உடனே டீ குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது, எலுமிச்சைச் சாறு நல்லது.

முதல் வருடம் கால், இரண்டாவது வருடம் கை, மூன்றாவது வருடம்தான் ஆட்டம். பையத் தின்றால் பனையையும் தின்னலாம். இங்கே பயிற்சியாளரை எப்படி எடுக்கிறோம்? தொகுப்பூதியம், பதினொரு மாத ஒப்பந்தம். பதின்மூன்றாம் ஆண்டுக் கோப்பை பதினொரு மாதத்தில் எப்படிக் கிடைக்கும்? பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் டிப்ளமோ முடித்த பெண்கூட இரண்டு வருடம் பார்த்துவிட்டுப் பள்ளியில் பி.டி. டீச்சராகப் போய்விடுகிறார். மிஞ்சுவது ஒரே ஒரு உடற்கல்வி இயக்குநர். கபடி, வாலிபால், கோ-கோ, தடகளம் எல்லாம் அவர் தலையில்.

இன்னொன்று. அமெரிக்காவில் 1972-இல் கல்லூரிப் பெண்கள் அணிப் பயிற்சியாளர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்கள். 2014-இல் நாற்பத்து மூன்று. அணிகள் பெருகி, சம்பளமும் ஏறியபின் ஆண்கள் வந்து சேர்ந்தார்கள். நாம் போராடி வாங்கும் பணியிடமும் அப்படிப் போகாமல், ஆடி முடித்த பெண்களுக்கே முதலில் என்று விதியில் எழுதச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கி 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரைப் பார்த்து ஆட வந்தவர்களுக்கு ஆட்டம் முடிந்தபின் ஒரு வேலை வேண்டாமா?

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். நடுவர் விஷயத்தை இன்னொரு மேடையில் வைத்துக்கொள்வோம். மாமன்ற உறுப்பினர் அவர்களே, தங்கள் ஆதரவையும் கேட்கிறேன். கூடைப்பந்து அணி உள்ள ஒவ்வொரு மகளிர் கல்லூரிக்கும் நிரந்தரப் பெண் பயிற்சியாளர் ஒருவர், குறைந்தது ஐந்தாண்டு இடமாற்றம் கிடையாது. உயர்கல்வித் துறைக்கான அந்த மனு வாசலில் காபி மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர், முகவரி, கையெழுத்து மூன்றும் வேண்டும். பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறோம், எடுத்துப் போய்விடாதீர்கள். நன்றி, வணக்கம்.