முள்ளு முளைக்கிற செல்

எல்லாருக்கும் வணக்கம். நரம்பு செல்னதும் பாடப்புத்தகப் படம்தான ஞாபகம் வருது, ஒரு உருண்டை, அதுலேர்ந்து வழவழன்னு கிளை? அந்த வழவழப்புதான் தப்பு. மூளைல நிறைய செல்லோட கிளை மேல பொடிப்பொடியா முள்ளு முளைச்சிருக்கும், ஸ்பைன்னு பேரு, ஒரு மைக்ரான் ரெண்டு மைக்ரான் நீளம்தான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் மைக்ரான்). 1888ல கஹால்ங்கற ஸ்பெயின்காரர் கோழி மூளைல இத பாத்து சொன்னப்ப பல பேர் நம்பல, செல் கண்ணுக்குத் தெரியறதுக்காக போட்ட சாயத்தால வந்த கோளாறுன்னுட்டாங்க, அந்த சாய முறைய கண்டுபிடிச்ச கோல்ஜியே நம்பல (1906ல ரெண்டு பேருக்கும் சேத்துதான் நோபல் குடுத்தாங்க, மேடைல எப்படி பக்கத்துல நின்னாங்களோ!). கஹால் விடல, மெத்திலீன் ப்ளூன்னு வேற சாயம் போட்டு அதுலயும் முள்ளு தெரியுதுன்னு காட்டிட்டார்.

முள்ளுன்னாலும் நிறைய பாக்க காளான் மாதிரி, மெல்லிசா காம்பு, குண்டா தலை. அடுத்த செல் வந்து தகவல் குடுக்கற இடம் அந்த தலைதான். உள்ள ஆக்டின்ங்கற புரத இழை சேந்து சேந்து பிரிஞ்சுகிட்டே இருக்கறதால உருவம் நிமிஷத்துல மாறும்.

சரி, எங்க முளைக்கணும், எவ்ளோ பருக்கணும்னு யார் சொல்றா? ஜீனுக்கு பங்கு இல்லன்னு நான் சொல்லல, ஆனா அக்கம்பக்கத்துக்கு இருக்கற செல்வாக்கு பெருசு. 2004ல எலி மூளைத் துண்டுல ஒரே ஒரு முள்ளு பக்கத்துல லேசர் அடிச்சு குளுட்டமேட்ட (நரம்பு செல் ஒன்னுக்கொன்னு தகவல் சொல்ற வேதிப்பொருள்) விடுவிச்சாங்க, அது மட்டும் பருத்துச்சு, பக்கத்து முள்ளு அப்படியே இருந்துச்சு. இருட்டுலயே வளத்த சுண்டெலிக்கு பார்வைப் பகுதில முள்ளு கம்மின்னு 1967லயே வால்வெர்டே எண்ணிக் காட்டியிருக்கார். இன்னொன்னு எனக்கு ரொம்ப பிடிச்சது, குளிர்காலம் பூரா தூங்குற தரை அணிலுக்கு மூளைல கிளையும் சுருங்கி முள்ளும் குறைஞ்சிடும், முழிச்ச சில மணி நேரத்துல திரும்ப வந்துடும்!

அக்கம்பக்கம்னா நரம்பு செல் மட்டும் இல்ல. ஒட்டிகிட்டு இருக்கற ஆஸ்ட்ரோசைட்ங்கற துணை செல் மேல எஃப்ரின்னு ஒரு புரதம், முள்ளு மேல அத பிடிக்கற ரிசெப்டர், அந்த தொடர்ப கெடுத்தா முள்ளு கோணல்மாணலா ஆகுது. அப்புறம் வயசாக ஆக சில செல்ல சுத்தி சர்க்கரையும் புரதமும் சேந்த ஒரு வலை இறுகிக்கும். சின்னதுலயே ஒரு கண்ண மூடி வளத்த எலிக்கு முள்ளு குறைஞ்சு போயிருக்கும்ல, அது பெரிசான பிறகு ஒரு என்சைம் விட்டு அந்த வலைய கரைச்சு, நல்ல கண்ண மூடி, மூடியிருந்த கண்ண திறந்து விட்டாங்க, 2006ல. பார்வையும் தேறுச்சு, முள்ளும் திரும்ப முளைச்சுது.