பட்ஜெட் ஆம்ப்பை நம்பிக் கச்சேரிக்குப் போகலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

பங்குனி பிறந்தால் மதுரையைச் சுற்றி ஒவ்வொரு ஊராகப் பொங்கல் சாட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் ஆடி கழியும் வரை ரேடியோ செட்காரர்களுக்கும் கச்சேரிக் குழுக்களுக்கும் ஓய்வு கிடையாது. மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் என்று எந்தப் பக்கம் போனாலும் திருவிழாவில் ஒரு ராத்திரியாவது இன்னிசைக் கச்சேரி இருக்கும். சீசனுக்கு முன்னால், தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பிகள் என் பட்டறைக்கு வந்து கேட்பது பெரும்பாலும் ஆம்ப், அதாவது ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கிற ஆம்ப்ளிஃபையர் பற்றிய ஒரே கேள்விதான். “அண்ணே, பெரிய கம்பெனி ஆம்ப் வாங்கக் கையில காசு இல்ல. விலை கம்மியா வர்ற ஆம்ப்ப நம்பிக் கச்சேரிக்குப் போகலாமா?”

போகலாம். ஆனால் அதை எந்தப் பெட்டிக்கு மாட்டப் போகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். டாப்புக்கும் (குரலும் மேல் சத்தமும் தருகிற பெட்டி) மேடை மானிட்டருக்கும் (பாடுகிறவர்களே கேட்க மேடையில் வைக்கிற பெட்டி) தைரியமாக மாட்டச் சொல்வேன். அடிச்சத்தம் தருகிற பேஸ் பெட்டிக்கு மாட்டச் சொல்ல மாட்டேன். என் பட்டறை மேஜைக்குப் புகைந்து வருகிற ஆம்ப்புகளில் அநேகம் பேஸ் ஓட்டி வந்தவை.

முதலில் வாட்ஸ் கணக்கைப் பார்ப்போம். முகப்பில் எழுதியிருக்கும் எண்ணை விட்டுவிட்டு, ஆம்ப்பைத் திருப்பி அதன் பிளக்கைப் பாருங்கள். சின்ன பிளக் 6 ஆம்பியர். 230 வோல்ட்டோடு பெருக்கினால் 1380 வாட்ஸ். பெரிய பிளக் 16 ஆம்பியர், அதாவது 3680 வாட்ஸ். சின்ன பிளக்கோடு வருகிற ஆம்ப்பில் 5000 வாட்ஸ் என்று போட்டிருந்தால், அந்த 5000 எங்கிருந்து வரும்? உள்ளே கப்பாசிட்டர்கள் சேர்த்து வைத்த மின்சாரத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் வரலாம். தொடர்ந்து வராது. இசையும் முழு நேரமும் உச்சத்தில் நிற்பதில்லை என்பது உண்மைதான். ஆம்ப் கம்பெனிகளே மின்சாரச் செலவைச் சொல்லும்போது முழு சக்தியில் எட்டில் ஒரு பங்கில் ஓடுவதாக வைத்துத்தான் சொல்கிறார்கள். அதனால் 6 ஆம்பியர் பிளக்கில் ஒரு நேர்மையான 1000 வாட்ஸ் ஆம்ப் நன்றாகவே ஓடும். 5000 என்ற எண்ணைத்தான் நம்பக்கூடாது.

தேட வேண்டிய வரி வேறு: ஒரு சேனலுக்கு, 4 ஓமில் (ஓம் என்பது ஸ்பீக்கர் பெட்டியின் மின்தடை), இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும்போது, ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ், எத்தனை? பி.எம்.பி.ஓ. (ஒரு கண உச்சத்தைக் காட்டுகிற விளம்பர எண்) என்று கண்ணில் பட்டால் அந்த எண்ணைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். கிரவுன் கம்பெனியின் எக்ஸ்.எல்.ஐ. 2500 என்ற மாடலைப் பாருங்கள். பெயரில்தான் 2500. விவரத்தாளில் ஒரு சேனலுக்கு 8 ஓமில் 500, 4 ஓமில் 750 வாட்ஸ் என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். 2 ஓமுக்குக் கணக்கே கொடுக்கவில்லை. அப்படியென்றால் 2 ஓமில் அதை ஓட்டக்கூடாது என்று அர்த்தம். வாங்குகிற ஆம்ப் எந்த விலையில் இருந்தாலும் சரி, இந்த அளவுக்குத் தெளிவாக எழுதியிருந்தால் போதும்.

இன்னொன்று, 400 வாட்ஸுக்குப் பதில் 800 வாட்ஸ் ஆம்ப் போட்டால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்குக் கொஞ்சம் கூடினது போலத் தெரியும், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்கு ஆனதாகக் காது உணர வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். பெரிய எண்ணைத் துரத்துவதில் பலன் அவ்வளவு இல்லை.

இனி பேஸ் சமாச்சாரத்துக்கு வருவோம். பாடகர் குரலும் கீபோர்டும் டாப்பில் போகும்போது ஆம்ப்புக்கு நடுநடுவே மூச்சு விட நேரம் கிடைக்கிறது. கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் ரிதம் பேடும் சேர்ந்து குத்துப்பாட்டு பிடித்தால் அப்படி இல்லை. ஐந்து நிமிஷப் பாட்டு முழுவதும் டிரான்ஸ்ஃபார்மரையும் கப்பாசிட்டரையும் சூட்டை வெளியேற்றுகிற ஹீட்சிங்க்கையும் பிழிந்துகொண்டே இருக்கும். ஒரு கம்பெனி விலையைக் குறைக்க எங்கே கை வைக்கும்? இந்த மூன்றிலும்தான். இவை கனமானவை, விலை உள்ளவை, வெளியே தெரியாதவை. இரண்டு பாட்டு நன்றாக ஓடும், மூன்றாவது பாட்டில் ஆம்ப் சக்திக்கு மேல் திணறுவதைக் காட்டுகிற கிளிப் லைட் அணையாமல் எரியும், நாலாவதில் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்கிற புரொடெக்டில் போய் நின்றுவிடும். சித்திரை வெயிலில் மதுரை 40 டிகிரியைத் தொடும்போது, தகரக் கொட்டகைக்குக் கீழே மூடின ரேக்கில் இருக்கும் ஆம்ப் ஆரம்பத்திலேயே பாதிச் சூட்டில்தான் இருக்கிறது. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல் புழுதி வேறு. அது ஃபேனில் போய் ஹீட்சிங்க் இடுக்கில் கம்பளி மாதிரி அப்பிக்கொள்ளும். மாதம் ஒரு தடவை மூடியைத் திறந்து பிரஷ் போடாத ஆம்ப் எந்த விலை என்றாலும் நிற்காது.

இதற்கு மேல் நாமாக ஒரு பாரத்தை ஏற்றுகிறோம். 8 ஓம் பெட்டி இரண்டை ஒரு சேனலில் இணையாக மாட்டினால் 4 ஓம். கூட்டம் ஜாஸ்தி என்று மூன்றாவதை மாட்டினால் 2.7 ஓமுக்குக் கீழே, நாலாவதோடு 2 ஓம். ஓம்ஸ் குறையக் குறைய ஆம்ப் தர வேண்டிய கரண்ட் ஏறிக்கொண்டே போகும். 4 ஓமுக்குக் கட்டின ஆம்ப்பிடம் 2 ஓம் வேலை வாங்கிவிட்டு, கம்மி விலை ஆம்ப் நம்பிக்கை இல்லை என்று பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஒரு ஆம்ப் போகும்போது தனியாகப் போகாது என்பதுதான் எனக்குக் கவலை. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் உள்ளே இருக்கும் டி.சி. (ஒரே திசையில் ஓடுகிற மின்சாரம்) அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும். 80 வோல்ட் டி.சி. 6 ஓம் காயிலில் பாய்ந்தால் ஆயிரம் வாட்ஸுக்கு மேல். ஸ்பீக்கரின் கோன் (அதிர்கிற கூம்பு) ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு அப்படியே நிற்கும், அசையாததால் காயிலுக்குக் காற்றோட்டமும் இருக்காது, கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகும் வாசனை வரும். 18 இஞ்ச் பேஸ் ஸ்பீக்கர் ஒன்றின் விலை தெரிந்தவர்களுக்கு இதன் வலி புரியும். இதைத் தடுக்கத்தான் டி.சி. புரொடெக்‌ஷன் வைக்கிறார்கள். வாங்கும்போது கடையிலேயே ஆன் செய்து காதை அருகில் வைத்துக் கேளுங்கள். இரண்டு மூன்று நொடி கழித்து உள்ளே ‘டிக்’ என்று ரிலே விழுகிற சத்தம் வரும். வரவில்லையென்றால் புரொடெக்‌ஷன் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அந்த ஆம்ப் வேண்டாம்.

உள்ளூரில் அசெம்பிள் செய்கிற ஆம்ப்புகள் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர் மெக்கானிக்குகள் கட்டுகிற ஆம்ப்பில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, தடித்த ஹீட்சிங்க் வைத்து, பேஸுக்கும் அசராமல் நிற்கிறவற்றைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கைத்திறமை மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆபத்து பாகங்களில் இருக்கிறது. பெரும்பாலும் போடுவது 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி. தோஷிபாவின் அசல் 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட்ஸ் தாங்கும். அதே எண்ணை அச்சடித்த போலிகள் சந்தையில் நிறையப் புழங்குகின்றன. எரிந்துபோன ஒன்றைக் கட்டிங் பிளேயரால் உடைத்தால் உள்ளே செம்புத் தகட்டின் மேல் சிலிக்கான் சில்லு தெரியும். அசலில் அது நல்ல அகலமாக இருக்கும். போலியில் மிளகு அளவு கூட இருக்காது. அந்தப் பொட்டின் மேல்தான் 150 வாட்ஸைச் சுமத்துகிறோம். மெக்கானிக்கிடம் விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்கினால் அவர் வாங்கிப் போடுவது இதைத்தான். ஆகவே அசல் பாகத்துக்குத் தனியாகக் காசு கொடுங்கள்.

கிளாஸ் டி என்கிற புது வகை ஆம்ப் வாங்கலாமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். எடை குறைவு, சூடு குறைவு. உள்ளே போகிற மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வரை ஸ்பீக்கருக்குத் தருகிறது. பழைய கிளாஸ் ஏபி முழு வேகத்திலும் ஆறு பங்கைத் தாண்டிக் கொஞ்சம்தான் தரும். ஒரு குட்டி யானையில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு எடை பெரிய விஷயம். ஆனால் அதன் போர்டில் பாகங்கள் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும். போனால் போர்டையே மாற்ற வேண்டும், அந்த போர்டு மதுரையில் கிடைக்காமல் வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். பழைய மாடல் ஆம்ப் காலையில் போனால் சாயங்காலத்துக்குள் டவுன்ஹால் ரோடு பக்கம் பாகம் வாங்கிச் சரி பண்ணிவிடலாம். சீசன் நடுவில் இது பெரிய வித்தியாசம். இப்போதைக்குக் கம்மி விலையில் வாங்குகிறவர்களுக்கு நான் பழைய மாடலையே சொல்கிறேன்.

கம்மி விலையில் மிச்சமாகிற காசை வைத்து அதே மாடலில் இன்னொன்று வாங்கி ரேக்கில் வையுங்கள். ஸ்பீக்கர் ஒயர் மாட்டுகிற ஸ்பீக்கான் முனை அதேதான் என்பதால் மேடையில் அறிவிப்பாளர் அடுத்த பாட்டைச் சொல்லி முடிப்பதற்குள் மாற்றிவிடலாம். ஒரே ஒரு விலை உயர்ந்த ஆம்ப்போடு போய், அது நின்றுவிட்டால் கையைப் பிசைவதை விட, இரண்டு சாதாரண ஆம்ப்போடு போகிறவரைத்தான் நான் நம்புவேன்.

கடைசியாக விழா கமிட்டியில் இருக்கிற பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்பத்திலிருந்து நீளமாக ஒயர் இழுத்துக் கொடுக்கிறீர்கள். 230 வர வேண்டிய இடத்தில் 190 வந்தால், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப்பின் சக்தியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். சத்தம் போதவில்லை என்று மாஸ்டரைத் தூக்கச் சொல்வீர்கள், ஆம்ப் கிளிப் ஆகும், டாப்பில் இருக்கிற டயஃப்ரம் எரியும். அதைவிட மோசம் நியூட்ரல் லூஸ் ஆவது. மூன்று ஃபேஸ் கரண்ட் லைனில் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே 415 வோல்ட். நியூட்ரல் விட்டுப்போனால் ஆம்ப்புக்கு 300, 350 என்று ஏறும். அதன் முன் பெரிய கம்பெனி ஆம்ப் என்றாலும் பெரும்பாலும் நிற்காது. ஜெனரேட்டர் போடுகிறவரிடம் நியூட்ரலையும் எர்த்தையும் ஸ்பேனர் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். சீரியல் செட்டுக்கும் வளைவு விளக்குகளுக்கும் ஒரு ஃபேஸ், ஒலிக்குத் தனியாக ஒரு ஃபேஸ் என்று பிரித்துக் கொடுங்கள். ரேடியோ செட் தம்பி மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் பொறுங்க, இப்ப ஆன் பண்ண முடியாது” என்று சொன்னால், அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

நன்றி, வணக்கம்.