பேக் பட்டன் அழுத்தியது சர்வருக்குத் தெரியுமா?

[திரையில்: அறை முன்பதிவுத் தளம். 12ஆம் எண் அறையின் பக்கம்.]

ஒருவர் தங்குவதற்கு அறை தேடுகிறார். 12ஆம் எண் அறை பிடித்திருக்கிறது. ஆனாலும் பக்கத்தின் அடியில் 'இதைப் போன்ற அறைகள்' என்று ஒரு வரிசை கண்ணில் படுகிறது. அதில் 15ஐச் சொடுக்கிப் பார்க்கிறார். இருட்டறை. வேண்டாம் என்று பேக் பட்டனை அழுத்துகிறார். 12 திரும்பி வருகிறது. 'முன்பதிவு செய்' என்ற பொத்தானை அழுத்துகிறார்.

[திரையில்: உறுதிச் சீட்டு. அறை எண் 15.]

கண்முன் இருந்தது 12, பதிவானது 15. அவர் செய்ததில் தவறு ஏதும் இல்லை.

இதையே சர்வரின் பக்கம் நின்று பாருங்கள். 12இன் பக்கத்தை அவர் கேட்டபோது, 'இவர் பார்ப்பது 12' என்று சர்வர் செஷனில், அதாவது இந்தப் பயனருக்கென்று அது வைத்திருக்கும் குறிப்பேட்டில், குறித்துக்கொண்டது. 15ஐக் கேட்டபோது அதை அழித்துவிட்டு 15 என்று எழுதியது. அடுத்து அதற்கு வந்தது 'முன்பதிவு செய்' என்ற ஒற்றைக் கோரிக்கைதான். எந்த அறை என்று அதில் இல்லை. செஷனைப் புரட்டியது, 15 என்றிருந்தது, பதிந்துவிட்டது. நடுவில் பேக் பட்டன் அழுத்தப்பட்ட செய்தி சர்வரை எட்டவே இல்லை.

[திரையில்: இடப்பக்கம் பிரவுசர், வலப்பக்கம் சர்வர். பேக் பட்டன் அழுத்தும்போது இடப்பக்கம் மட்டும் நகர்கிறது.]

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறைக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புது ஆள். இந்தக் குறையைச் சமாளிக்க 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி குக்கீயை, அதாவது சர்வர் பிரவுசரிடம் கொடுத்துவைக்கும் சிறு குறிப்பை, கொண்டுவந்தார். வந்தவர் யார் என்று சர்வர் அடையாளம் காண வழி பிறந்தது. அதன்மேல்தான் செஷன்கள் எழுந்தன. பிரவுசரோ தன்பங்குக்குத் தனியாக ஒரு வரலாற்றை வைத்திருக்கிறது. இரண்டு ஞாபகங்கள். பேக் பட்டன் ஒன்றை மட்டுமே பின்னால் தள்ளுகிறது. பழைய பக்கத்தைக் காட்ட பிரவுசர் சர்வரைக் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முன்பு பார்த்ததை அப்படியே காட்டலாம் என்று எச்டிடிபி விதிகளே இடம் கொடுக்கின்றன.

ஆகவே பேக் பட்டனை 'செய்ததை ரத்து செய்' என்று நினைத்து நிரல் எழுதினால் அடி சறுக்கும். அது பக்கத்தைத்தான் திருப்பும், நடந்ததைத் திருப்பாது.

இந்த இடத்தில் பலருக்கும் தோன்றும் முதல் யோசனை, அந்தப் பட்டனையே முடக்கிவிடலாம் என்பது. நானும் செய்திருக்கிறேன். வரலாற்றில் ஒரு போலிப் பதிவைச் சொருகி, பின்னால் போகிறவரை அதே பக்கத்தில் பிடித்து நிறுத்தும் வித்தை. இரண்டு நாள் பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் ஒருவர் 12ஐ ஒரு டேபிலும் 15ஐ இன்னொரு டேபிலும் திறந்து வைத்துக்கொண்டு, முதல் டேபுக்குப் போய் முன்பதிவு செய்தார். அதே பிழை! பேக் பட்டனை யாரும் தொடவே இல்லை. தவிர, பயனர் எதையும் தொடாமலே பக்கம் தானாகச் சொருகும் பதிவுகளைக் குரோம் இப்போது தாண்டிப் போய்விடுகிறது.

[திரையில்: முன்பதிவுப் பொத்தான் பெரிதாகிறது. அதற்குள் மறைவாக 'அறை = 12'.]

நிவாரணம் எளிது. பொத்தான் அனுப்பும் கோரிக்கையிலேயே அறை எண் போகட்டும். பயனர் எதைப் பார்த்து முடிவெடுத்தாரோ, அது அந்தப் பக்கத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். செஷனில் 'இவர் யார்' என்பது மட்டும் இருந்தால் போதும். 'இப்போது எதைப் பார்க்கிறார்' என்பதைச் செஷனில் வைப்பது, எல்லா டேபுகளும் சேர்ந்து கிறுக்கும் ஒரே கரும்பலகையை மாட்டுவதற்குச் சமம். என் கணக்கில், பேக் பட்டன் பிழை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்தக் கரும்பலகைப் பிழைகள்தான்.

அடுத்தது இரட்டைப் பதிவு. படிவத்தை அனுப்புகிறோம், அதாவது போஸ்ட் கோரிக்கை. சர்வர் அதற்கு விடையாகவே 'நன்றி' பக்கத்தைக் கொடுத்தால், ரீஃப்ரெஷ் செய்யும்போது 'படிவத்தை மீண்டும் அனுப்பவா?' என்று பிரவுசர் மிரட்டும். இதற்கான மருந்து பழையது. வேலையை முடித்ததும் சர்வர் பக்கத்தைத் தராமல், 303 என்ற குறியீட்டோடு வேறு முகவரிக்குப் போகச் சொல்லும். பிரவுசர் அந்த முகவரியை, பக்கத்தை மட்டும் கேட்கும் சாதாரண கெட் கோரிக்கையாகக் கேட்டு வாங்கும். போஸ்ட் வரலாற்றில் தங்காது. எத்தனை முறை ரீஃப்ரெஷ் செய்தாலும் ஆபத்தில்லை.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பயனர் பின்னால் போய், நிரப்பிய படிவத்திலேயே மறுபடி 'அனுப்பு' என்றால்? அது புத்தம் புதிய போஸ்ட். 303 இதைத் தடுக்காது.

[திரையில்: படிவத்தின் ஓரத்தில் ஒரு டோக்கன் எண். அதே எண் தரவுத்தளத்தில் ஒரு வரியாக.]

படிவத்தை உருவாக்கும்போதே அதற்கு ஒரு தனி டோக்கன் கொடுங்கள். பதிவு விழும்போது அந்த டோக்கனும் தரவுத்தளத்தில் விழட்டும், அந்த நெடுவரிசையில் ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு. 'முதலில் தேடிப் பார், இல்லை என்றால் சேர்' என்று நிரலில் எழுதினால் போதாது. இரண்டு கோரிக்கைகள் ஒரே நொடியில் வந்தால் இரண்டுக்குமே 'இல்லை' என்றுதான் தெரியும். தரவுத்தளமே மறுக்க வேண்டும். அப்படி மறுத்த பிறகு சிவப்பு எழுத்தில் 'பிழை' என்று காட்டாதீர்கள். முதல் முறை கொடுத்த அதே உறுதிச் சீட்டையே காட்டுங்கள். அவருக்குத் தெரிய வேண்டியதெல்லாம் பதிவாகிவிட்டதா என்பதுதான்.

பல படிகள் கொண்ட படிவங்கள் இன்னும் வில்லங்கமானவை. முதல் படியில் 'திருமணமானவர்' என்று குறித்தவர், மூன்றாம் படியில் துணைவர் விவரம் நிரப்புகிறார். பிறகு பின்னால் போய் 'மணமாகாதவர்' என்று மாற்றுகிறார். மூன்றாம் படி இப்போது அவருக்கு வராது. சர்வரிலோ துணைவர் பெயர் பத்திரமாக இருக்கிறது. இறுதியில் மணமாகாதவருக்குத் துணைவரோடு ஒரு விண்ணப்பம் போய்ச் சேர்கிறது. உடனே அழித்துவிடலாமா என்றால், அதுவும் கூடாது. தவறிச் சொடுக்கியிருந்தால் ஒரு பக்கம் முழுவதும் மறுபடி தட்டச்சு செய்ய நேரும். இறுதிச் சமர்ப்பணத்தின்போது எந்தப் பதில்கள் செல்லுபடியாகும் என்று புதிதாகக் கணக்கிட்டு, செல்லாதவற்றை அங்கே விட்டுவிடுவதே நல்லது. ஒவ்வொரு படிக்கும் தனி யூஆர்எல் இருக்கட்டும். படிவம் தன் பதிப்பு எண்ணையும் சுமந்து வரட்டும். சர்வரில் பதிப்பு 8 இருக்கும்போது 7ஐ ஏந்திய படிவம் வந்தால், மேலெழுதிவிடாமல் இடையில் மாறியது என்ன என்று காட்டலாம்.

ஒரே பக்கச் செயலிகளில் கதை தலைகீழ். அங்கே முழுப் பக்கமும் புதிதாக ஏறாமல் உள்ளடக்கம் மட்டும் மாறுவதால், பிரவுசர் தானாக வரலாறு எழுதாது. நாம்தான் எழுத வேண்டும். புஷ்ஸ்டேட் புதிய பதிவைச் சேர்க்கும், ரீப்ளேஸ்ஸ்டேட் இருப்பதை மாற்றும், பயனர் பின்னால் போனால் பாப்ஸ்டேட் நிகழ்வு வரும். எதற்கு எது என்பதில்தான் குழப்பம். தேடல் பெட்டியில் ஒவ்வொரு எழுத்துக்கும் புஷ்ஸ்டேட் போட்டால், வெளியேற எழுத்துக்கு ஒரு முறை பின்னால் போக வேண்டியிருக்கும். அங்கே ரீப்ளேஸ்ஸ்டேட் சரி. திரையை முழுதாக மறைக்கும் ஒரு பெட்டி திறக்கிறதென்றால் புஷ்ஸ்டேட். கைபேசியில் பேக் அழுத்துகிறவர் அந்தப் பெட்டி மூடும் என்றுதான் எதிர்பார்ப்பார்.

[திரையில்: சுழலும் வட்டத்தோடு, அழுத்த முடியாமல் சாம்பல் நிறமான பொத்தான்.]

கடைசியாக, அதிகம் பேர் கவனிக்காத ஒன்று. அனுப்பும் பொத்தானை ஒருமுறை அழுத்தியதும் முடக்கி, சுழலும் வட்டத்தைக் காட்டுவோம். அடுத்த பக்கம் வந்துவிடும். பயனர் பின்னால் வருகிறார். பொத்தான் இன்னும் முடங்கியிருக்கிறது, வட்டம் இன்னும் சுழல்கிறது, முடிவே இல்லாமல். காரணம் பிஎஃப்கேஷ். முழுப் பக்கத்தையும், அதன் ஜாவாஸ்கிரிப்ட் நிலையையும் சேர்த்து உறைய வைத்து, திரும்பும்போது விட்ட இடத்திலிருந்து எழுப்பும் வசதி. ஃபயர்ஃபாக்ஸில் இது 2005லேயே வந்துவிட்டது. கணினிக் குரோமில் 2021இல் வந்தது. பக்கம் புதிதாக ஏறுவதில்லை என்பதால் லோட் நிகழ்வு வராது. பக்கம் திரையில் தோன்றும்போதெல்லாம் வரும் பேஜ்ஷோ நிகழ்வைக் கேளுங்கள். பக்கம் உறைநிலையிலிருந்து எழுந்ததா என்று அதில் சொல்லும் பெர்சிஸ்டட் என்பது உண்மையாக இருந்தால் பொத்தானை விடுவியுங்கள். அதே இடத்தில் இவர் இன்னும் உள்நுழைந்துதான் இருக்கிறாரா என்பதையும் சரிபாருங்கள். வெளியேறிய பிறகு, அடுத்து அந்தக் கணினியில் உட்காருகிறவர் பேக் அழுத்தி முந்தையவரின் விவரங்களைப் படிக்கக் கூடாது. அந்தரங்கப் பக்கங்களுக்கு, 'இதைச் சேமித்து வைக்காதே' என்று பிரவுசருக்குச் சொல்லும் நோ-ஸ்டோர் தலைப்பும் அனுப்புங்கள்.

[திரையில்: மீண்டும் அறைப் பக்கம்.]

உங்கள் தளத்தில் இப்போதே சோதிக்கலாம். 12க்குப் போங்கள், அங்கிருந்து 15, பேக், முன்பதிவு. பிறகு இரண்டு டேபுகளில் அதையே செய்யுங்கள். பிறகு உறுதிச் சீட்டு வந்ததும் பின்னால் போய் இன்னொரு முறை அனுப்புங்கள். தரவுத்தளத்தைத் திறந்து, எத்தனை வரிகள், எந்த அறை என்று எண்ணிப் பாருங்கள்.