யாரும் இல்லையா, குருகு இருந்ததா? குறுந்தொகை 25: ஒரு சந்தேகம்

அடுத்த கேள்வி மாரத்தஹள்ளியிலிருந்து ஒரு தங்கை அனுப்பியது. பெங்களூரிலேயே பிறந்து, பள்ளியில் கன்னடம் படித்து, தமிழை அம்மாவிடம் கற்றுக்கொண்டவர். அவர் கேட்டதை அப்படியே படிக்கிறேன்: "அக்கா, குறுந்தொகை 25-ஆம் பாட்டில் அவள் 'யாரும் இல்லை' என்று ஆரம்பிக்கிறாள், முடிக்கும்போது 'குருகும் உண்டு' என்கிறாள். இருந்ததா, இல்லையா? அவனைக் கள்வன் என்கிறாளே, நம்புகிறாளா, சந்தேகப்படுகிறாளா?"

பாட்டு ஐந்தே வரி. கபிலர் பாடியது, காதலி பேசுவதாக. மற்றவர்களுக்காக ஒருமுறை படித்துவிடுகிறேன்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

அன்றைக்கு அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே அதைப் பொய்யாக்கிவிட்டால் நான் என்ன செய்வேன்? தினையின் தாள் போன்ற சிறிய பச்சைக் கால்களோடு, ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு குருகு என்கிற நீர்ப்பறவை ஒன்றும் நின்றது, அவன் என்னைக் கூடிய அந்த நாளில். இதுதான் பொருள். 'எவன்' என்றதும் யாரோ ஒருத்தனைச் சொல்கிறாள் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே அதற்கு 'என்ன' என்று அர்த்தம். கன்னடத்தில் 'நானேன் மாட்லி' என்று கையைப் பிசைவார்களே, அந்தத் தவிப்பு.

கள்வன் என்ற சொல் உங்களுக்கு எங்களைவிடப் பக்கம். தமிழ்நாட்டில் பேச்சில் திருடன் என்றுதான் சொல்வோம். இங்கே சிவாஜிநகர் சந்தையில் இன்றைக்கும் கன்னடத்தில் 'கள்ள' என்றுதான் கத்துவார்கள். ஆனால் இந்தச் சொல்லில் கோபம் மட்டும் இல்லை. சம்பந்தர் சிவனையே 'உள்ளங்கவர் கள்வன்' என்று பாடவில்லையா? ஊருக்குத் தெரியாத காதலுக்கே களவு என்றுதான் பெயர். அவள் சொல்லும்போது செல்லமும் பயமும் ஒரே சொல்லில் வருகின்றன. அப்புறம் இன்னொன்று. நடந்ததற்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் அவன், அவனே கள்வன். இந்த வழக்கை அவள் எங்கே கொண்டுபோவாள்?

இதைத் தோழியிடம் சொல்கிறாள். கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிற நேரம். அவன் என்ன வாக்குக் கொடுத்தான் என்று பாட்டில் இல்லை. வெறும் 'அது' என்கிறாள். என்னை மிகவும் தொடுகிற இடம் இது. வாயால் சொன்னால் உடைந்துவிடுமோ என்று அதைத் தொடாமல் விடுகிறாள். அவன் பெயரும் இல்லை. 'தான்' மூன்று முறை வருகிறது, 'யான்' ஒரே ஒரு முறை. எல்லாம் அவன் கையில், அவளுக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி மட்டும்.

சரி, குருகுக்கு வருவோம். சாட்சி தேடுகிறவள் முதலில் 'யாரும் இல்லை' என்கிறாள். அது உண்மை. மனிதர் யாரும் இல்லை. பிறகு அந்த நாளை மனசுக்குள் மறுபடி பார்க்கிறாள், ஒரு பறவை நிற்கிறது. 'குருகும்' என்பதில் உள்ள அந்த 'உம்'மைக் கவனியுங்கள். இருந்தும் பயனில்லாத ஒன்று, அதுவாவது இருந்ததே என்ற ஆறுதல், இரண்டும் அதில் இருக்கின்றன. அந்தக் குருகுக்குப் பேச்சு வராது. பார்த்ததும் மீனைத்தான், இவர்களை இல்லை. அவனுக்கும் அன்று அப்படி ஒரு ஆரல் மீன் மட்டும்தான் தேவைப்பட்டதோ என்ற பயத்தை அவள் சொல்லவில்லை, கபிலர் அந்தப் பறவையின் பார்வையில் வைத்துவிட்டார். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொன்ன கவிஞர் அவர். ஒரு பறவையைச் சும்மா நிறுத்த மாட்டார்.

அந்தக் காலைப் பாருங்கள். நான் காலையில் அல்சூர் ஏரிக்கரையில் நடப்பேன். தண்ணீர் ஓரத்தில் மடையான் கொக்கு அசையாமல் நிற்கும். பச்சை கலந்த மஞ்சள் கால். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால்தான் அந்த நிறம் தெரியும். அப்படியானால் இவள் அன்று எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள்? வெட்கத்தில் தலை குனிந்து, தண்ணீரையும் அந்தக் கால்களையும்தான். அவன் முகத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்தக் காலுக்கு உவமையும் தினைத்தாள். அவள் காவல் காக்கிற புனத்தில் தினமும் பார்க்கிற பயிர்.

நம்புகிறாளா என்று கேட்டீர்கள். 'பொய்த்தான்' என்று அவள் சொல்லவில்லை, 'பொய்ப்பின்' என்கிறாள். பொய்த்தால். அந்த ஒரு 'இன்' விகுதியில்தான் அவளுடைய நம்பிக்கை நிற்கிறது. நம்பாதவளாக இருந்தால் மீன் எது, கால் என்ன நிறம் என்று இத்தனை ஆசையாக நினைவில் வைத்திருக்க மாட்டாள் என்பது என் எண்ணம். சந்தேகம் அவன் அன்பைப் பற்றியது என்பதைவிட, தனக்காகப் பேச யாரும் இல்லையே என்பதைப் பற்றியது. ஆனால் இப்போது தோழிக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்கு வீட்டில் வேறு வரன் பேசினால், இவளை வளர்த்த செவிலித்தாயிடம் போய் உண்மையைச் சொல்லப்போகிறவள் அவள்தான். அறத்தொடு நிற்றல் என்று அதற்குப் பெயர்.

இன்று இரவு பாட்டைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள், தங்கை. 'குருகும் உண்டு' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். அப்புறம் மெதுவாக, 'தான் மணந்த ஞான்றே'.