குட்டியின் முதல் மூன்று மாதங்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றிய காலமெல்லாம், “எங்கள் நாய் வருவோர் போவோரையெல்லாம் கடிக்கப் பாய்கிறது, இதற்கு ஏதாவது ஊசி உண்டா டாக்டர்?” என்று கேட்டு வந்தவர்களை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கு ஊசி கிடையாது. அந்த நாய் குட்டியாக இருந்தபோது எங்கே வளர்ந்தது, யார் யாரைப் பார்த்தது என்று விசாரித்தால், பெரும்பாலும் “கொல்லைப்புறத்தில் கட்டித்தான் வளர்த்தோம்” என்ற பதிலே வரும். ஆகையால், குட்டிப் பருவத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நாய்க்குட்டிக்குக் கண் திறக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிறது. காது கேட்கத் தொடங்குவதும் அதையொட்டியே. மூன்றாவது வாரத்தில் அது தள்ளாடி நடந்து சுற்றுமுற்றும் பார்க்க ஆரம்பிக்கிறது. அன்று தொடங்கி 12 அல்லது 14 வாரம் வரையில், புதிதாக ஒன்றைக் கண்டால் அதற்கு அச்சத்தைவிட ஆர்வமே மேலோங்கி நிற்கும். அந்த நாள்களில் பழகிய மனிதர்களும் ஓசைகளும் அதன் உலகத்தில் இடம் பிடித்துவிடுகின்றன. அப்போது பழகாதவற்றைப் பிற்பாடு பழக்க முடியாது என்றில்லை, ஆனால் பல மடங்கு பொறுமை வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் என்ற ஊரில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து, 1961-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உயரமான வேலியிட்ட திடலில், மனிதர் முகமே காணாதபடி தாயோடு குட்டிகளை வளர்த்து, வெவ்வேறு வயதில் சில குட்டிகளை மட்டும் வெளியே எடுத்து ஒரே ஒரு வாரம் மனிதர்களோடு பழகவிட்டு, மறுபடியும் திடலுக்கே அனுப்பினார்கள். அந்த ஒரு வாரப் பழக்கம் பெற்றவை பின்னர் மனிதரை ஏற்றுக்கொண்டன. 14 வாரம் வரை யாரையுமே காணாத குட்டிகளோ காட்டு விலங்குகளைப் போல விலகி ஓடின. இத்தனைக்கும் அவை காக்கர் ஸ்பேனியல், பீகிள் என்ற, வீட்டுக்குள் செல்லமாக வளர்க்கப்படும் சாதுவான இனங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அஞ்சல் துறை 2005-இல் தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த இராஜபாளையம் நாய் எங்கள் மாவட்டத்துக்குச் சொந்தமானது. சிப்பிப்பாறையும் எங்கள் பக்கத்து நாய்தான். இந்த நாய்க்கு ரோசம் வர வேண்டுமானால் ஆள் பழக்கம் இல்லாமல் சங்கிலியில் கட்டி வைக்க வேண்டும் என்ற எண்ணம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அப்படி வளரும் நாய்க்கு வருவது ரோசம் அன்று, பயம். பயந்த நாய் ஓடித் தப்பப் பார்க்கும். சங்கிலி அதற்கு வழி விடாதபோது கடிக்கும். திருடன் யார், பால் ஊற்ற வந்தவர் யார் என்று பிரித்தறிய, முதலில் அது பலதரப்பட்ட மனிதர்களைப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? சங்கிலியில் கிடந்த நாய் எங்கே பார்த்திருக்கும்?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுப் பாட்டியம்மாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அவர் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போனவர் அல்லர். இரண்டு மாத இராஜபாளையம் குட்டியை மாலைதோறும் மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காருவார். பள்ளிப் பிள்ளைகள், கீரைக்காரம்மா, தடியூன்றி நடக்கும் முதியவர், ஒலிபெருக்கி வைத்த பழைய இரும்புக்காரர் என்று தெரு முழுவதும் அந்தக் குட்டியின் கண்முன்னே நடந்து போகும். அதற்கு ஒன்றே ஒன்றுதான் ஆகவில்லை: ஹெல்மெட். மகன் ஹெல்மெட்டோடு வாசலுக்கு வந்தால், அவர் குரலைக் கேட்ட பிறகும் குட்டி வாலை ஒடுக்கிக்கொண்டு பாட்டியின் முந்தானைக்குள் நுழைந்துவிடும். பாட்டியம்மா அதை அதட்டவும் இல்லை, இழுத்துக்கொண்டு போய் ஹெல்மெட்டின் முன் நிறுத்தவும் இல்லை. ஹெல்மெட்டைக் கூடத்தில் மல்லாக்க வைத்து, அதற்குள் அவித்த முட்டையைக் கிள்ளிப் போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். குட்டி தொலைவில் நின்று கழுத்தை மட்டும் நீட்டி மோந்து பார்த்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது, கடைசியில் தலை முழுவதையும் உள்ளே விட்டு நக்கியது. பிறகு மகன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முட்டை கொடுத்தார். சில நாள் கழித்துத் தரையில் உட்கார்ந்து தலையில் போட்டுக்கொண்டு கொடுத்தார். அதன் பிறகே நின்றுகொண்டு கொடுத்தார். குட்டியைப் பழக்குதல் என்றால் இதுதான். எதைக் கண்டு மிரள்கிறதோ அதைத் தொலைவிலிருந்து, சிறிதளவில், நல்ல தீனியோடு சேர்த்துக் காட்ட வேண்டும். நெருங்குவதும் விலகுவதும் குட்டியின் விருப்பமாக இருக்க வேண்டும். உதட்டை நக்குவதும், தூக்கம் இல்லாதபோதே கொட்டாவி விடுவதும், முகத்தைத் திருப்புவதும் “போதும்” என்று அது சொல்லும் அடையாளங்கள். அப்போது நிறுத்திவிட வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், அப்போது நிறுத்திவிட வேண்டும்.

“தடுப்பூசி முடியாமல் வெளியே விடக்கூடாது என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள்?” என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கி உயிரைப் பறிக்கும் பார்வோ நோயின் கிருமி மண்ணில் பல மாதம் உயிர்த்திருக்கும். ஆகவே மற்ற நாய்கள் மலம் கழிக்கும் இடத்தில் குட்டியை இறக்கிவிடக் கூடாது. ஆனால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் ஊசிகள் முடியும்போது குட்டிக்கு நான்கு மாதம் ஆகிவிடும். அதுவரை வீட்டுக்குள் பூட்டி வைத்தால் பழகும் பருவம் கைநழுவிப் போய்விடும். பாட்டியம்மாவைப் போல மடியில் வைத்துக் காட்டலாம். தடுப்பூசி போட்ட நாய் இருக்கும் உறவினர் வீட்டுக்குத் தூக்கிச் செல்லலாம். மூன்று மாதத்தில் போட வேண்டிய ரேபிஸ் ஊசியை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, 30 நாள் குட்டியை வாங்கி வராதீர்கள். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளே சொல்கின்றன. உடன்பிறந்த குட்டியை வலிக்கும்படி கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திக்கொள்ளும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அளவைக் குட்டி அங்கேதான் கற்றுக்கொள்கிறது.

சிறுநீர்ப் பழக்கத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும், கழுவிச் சுத்தமாக வைத்திருக்கும் உங்கள் முற்றத்திலோ மாடியிலோ ஒரே இடத்துக்குத் தூக்கிப் போங்கள். அங்கே சிறுநீர் கழித்தவுடன் அந்த நொடியிலேயே பாராட்டுங்கள். வீட்டுக்குள் கழித்துவிட்டால், குட்டியின் மூக்கை அதில் தேய்க்காமல், துடைத்துவிடுங்கள். தீபாவளிக்குச் சில வாரம் முன்பே, சாப்பிடும் நேரத்தில் வெடிச் சத்தத்தைக் கைப்பேசியில் மிகக் குறைவாக ஒலிக்கவிட்டு, குட்டி மிரளாத அளவுக்கு மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஏற்கெனவே நடுங்கும் வளர்ந்த நாயாக இருந்தால் பண்டிகைக்கு முன்னரே உங்கள் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அந்த அச்சத்தைத் தணிக்க மருந்து உண்டு. நன்றி, வணக்கம்.